வட்டமாய் ஒரு வயல்

“ஊர்ல இருக்கற அத்தனை பேரோட தாத்தனும் எங்கிட்ட ஜெராக்ஸ் ஆகியிருக்கான். என் தாத்தன் மட்டும் எந்தக் காயிதத்துலயும் இல்ல. அவன் என்ன வானத்துலேருந்தா விழுந்தான்?”

சவரியம்மாள் இதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாமல் கடையைச் சாத்த மாட்டாள். பட்டா நகல் எடுக்க வந்தவரிடம் சொல்வாள். வாரிசுச் சான்றுக்கு மனு அடிக்க வந்தவரிடம் சொல்வாள். ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியானத்தில் ஜெராக்ஸ் மெஷினிடமே சொல்வாள். அது ஒரு தாளைக் கடித்துக்கொண்டு ‘கர்ர்ர்’ என்று உறுமும். விலாவில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, “உன்னயத்தான் கேக்கறேன், பதில் சொல்லு” என்பாள்.

நன்னிலம் தாலுகா ஆபீசுக்கு எதிரே, டீக்கடைக்கும் பத்திர எழுத்தர் அறைக்கும் நடுவில், ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும் அகலத்தில் அவள் கடை. புனித சவேரியார் ஜெராக்ஸ் அண்ட் டைப்பிங். வயது ஐம்பத்தெட்டு. பத்தாவது படிப்பு, அதற்கு மேல் டைப்ரைட்டிங் ஹையர். ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு மனு அடிக்க ஆரம்பித்தபோது அவளுக்கு இருபது. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, கம்ப்யூட்டரோடு ஜெராக்ஸ் வந்தது, வாசலில் கியூஆர் அட்டையும் வந்து தொங்கியது. அவள் வாய் மட்டும் பழைய மாடல்தான். கொடுத்த காகிதத்தைப் படிக்காமல் நகல் எடுக்க அவளுக்குத் தெரியாது. “உங்க அத்தைக்கு மூணு ஏக்கர் இருக்கே, அன்னிக்கு ஒண்ணுமே இல்லன்னு அழுதீங்க?” என்று கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்பாள். வந்தவர் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடுவார். அதற்காக யாரும் வேறு கடைக்குப் போய்விடவும் இல்லை. எந்தக் கிறுக்கல் கையெழுத்தையும் படித்துச் சொல்லும் ஆள் அந்தச் சாலையில் அவள் ஒருத்திதான்.

சொந்த ஊர் கொத்தங்கரை. நன்னிலத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவள் அப்பா அருளப்பன் கடைசிவரை வாய்க்காலில் மடை திறந்து விடும் வேலை பார்த்தவர். மாதா கோயிலைத் தாண்டும்போதெல்லாம் மகள் தலையில் ஒரு குட்டு வைத்து, “இந்தக் கோயில் எடம் நம்ம சவரிமுத்து தாத்தனால வந்தது, மறந்துடாத” என்பார். குட்டு வலித்ததாலேயே அது மறக்கவில்லை. ஆனால் ஐம்பது வருஷத்தில் வேறு யார் வாயிலும் அந்தச் சவரிமுத்து பேர் வந்ததில்லை. கோயில் பேச்சு எடுத்தால் மேலத்தெருவின் ஆறு குடும்பங்கள்தான் வரும். கீழத்தெரு வருவது கோயிலைக் கூட்டுவதற்கும், தேர் இழுத்த பின்னால் வடத்தைச் சுருட்டி வைப்பதற்கும்.

விஷயம் வெடித்தது ஒரு திங்கட்கிழமை. கோயிலுக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. விழாக் குழுச் செயலாளர் ஜெரால்ட் கடைக்கு வந்தார். மேலத்தெரு, உரக்கடை முதலாளி. கையில் மைக் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலவே பேசுவார். முதலில் தொண்டையைச் செருமுவார், பிறகு ‘ஆக’ என்பார், அதற்கப்புறம்தான் விஷயம் வரும்.

“ம்க்கும். ஆக, என்னன்னா, இதை நல்லா பெரிய எழுத்துல அடிச்சிக் குடும்மா. கல்வெட்டுக்காரன்கிட்ட குடுக்கணும். கருங்கல்லு. ஆறடி.”

சவரியம்மாள் அடித்தாள். ‘இவ்வாலயத்திற்கு 1874ஆம் ஆண்டு நிலம் ஈந்த குடும்பத்தார்’. கீழே ஆறு பேர்கள். எல்லாம் மேலத்தெரு. முதல் பேர் ஜெரால்டின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா. ஆறாவது பேருக்குக் கீழே, ‘மற்றும் பலர்’.

கீபோர்டு நின்றது.

“சார், இந்த ‘மற்றும் பலர்’ யாரு?”

“அது சும்மா ஒரு இதுக்கு. கல்லுல அடியில காலியா கெடந்தா நல்லா இருக்காது பாரு.”

“எங்க தாத்தா பேரு இல்லியே.”

“எந்தத் தாத்தா?”

“சவரிமுத்து. கோயில் எடம் அவரால வந்ததுன்னு எங்கப்பா சொல்லுவாரு.”

ஜெரால்ட் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவள் விட்டிருப்பாள். ஜவுளிக்கடையில் துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற ஆளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். “காயிதம் இருந்தா கொண்டாம்மா. ஞாயித்துக்கிழமை மீட்டிங். காயிதம் இல்லாம நான் யாரு பேரையும் கல்லுல போட முடியாது. ஆகஸ்டு முப்பது, கொடியேத்தத்தன்னிக்கு கல்லு நட்டுருவோம். நட்டதுக்கப்புறம் மாத்த முடியாது.”

காகிதம்! முப்பத்தெட்டு வருஷமாகக் காகிதத்திலேயே புரளும் பொம்பளையிடம் கேட்கிறார். அந்த வாரம் முழுக்க அவள் பங்குச் சாமியார் லியோவை விடவில்லை. லியோ ஃபாதர் இளவயசுக்காரர். எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்மா’ என்பார். அந்தப் ‘பார்க்கலாம்மா’வுக்கு இன்னிக்கு, நாளைக்கு, எந்தக் காலத்திலும் இல்லை என்று மூன்று அர்த்தமும் உண்டு. விடாமல் நச்சரித்து ஞானஸ்நான ரிஜிஸ்டரைத் திறக்க வைத்தாள். சவரிமுத்து கிடைத்தார். அருளப்பன் மகன் சவரிமுத்து, கீழத்தெரு. முத்திரை வைத்து நகல் வாங்கிக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திப் போய் நின்றாள். நாற்பது பேர் இருந்தார்கள்.

ஜெரால்ட் தாளை வாங்கினார். இப்போது உண்மையிலேயே கையில் மைக் இருந்தது.

“ம்க்கும். ஆக, நம்ம சவரியம்மா ஒரு காயிதம் கொண்டாந்திருக்கு. அதோட தாத்தா பொறந்தது ஆயிரத்தெண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது. கோயில் கட்டுனது எழுபத்திநாலு. ஆக, தாத்தா பொறக்கறதுக்கு இருபத்தஞ்சு வருஷம் முன்னாடியே வந்து, நிலத்தை எழுதிக் குடுத்துட்டு, திரும்பிப் போயி, அப்புறமா நிதானமா பொறந்திருக்காரு!”

கூடம் அதிர்ந்தது. மேலத்தெரு மட்டுமில்லை, பின்வரிசையில் கீழத்தெருக்காரர்களும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். வருஷத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் வந்து நின்றது அவள் தப்புதான். ஊரார் மனுவில் இந்தத் தப்பு இருந்தால் தாளைத் தூக்கி மூஞ்சியில் வீசியிருப்பாள்.

சிரிப்பு அடங்கியதும் ஜெரால்ட் குரலைத் தாழ்த்தி, சமாதானம் சொல்வதுபோலச் சொன்னார்: “இந்தாம்மா, தப்பா எடுத்துக்காத. உங்க தெரு ஆளுங்க வாய்க்கா வெட்ட வந்தவங்க. வந்த எடத்துல தங்கிட்டாங்க. அதுல ஒண்ணும் குத்தமில்ல. ஆனா குடுத்தவங்க வேற, வந்தவங்க வேற.”

சிரிப்பைக்கூட அவள் மறந்திருப்பாள். இந்தச் சமாதானத்தை மறக்க முடியவில்லை.

வீட்டில் அவள் கணவர் லூர்துராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவர். நாள் முழுக்க இரைச்சலில் உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சே குறைந்துபோன மனுஷர். அவருடைய அகராதியில் ‘சரி’ என்கிற ஒரே வார்த்தைதான் முக்கால்வாசி.

“வந்தவங்களாம்! நாங்க வந்தவங்களாம்! இவங்க மட்டும் நெல்லோட சேந்து மொளைச்சாங்களா?”

“சரி.”

“என்ன சரி? ஏங்க, நாப்பது பேரு முன்னாடி என்னைப் பாத்து சிரிக்கறான். நீங்க ரசத்தை ஊத்திக்கிட்டு சரிங்கறீங்க!”

லூர்துராஜ் ரசத்தை ஊற்றி முடித்தார். பிறகு கேட்டார்: “இந்தா, உனக்கு யாரு பேரு வச்சாங்க?”

“இது என்ன கேள்வி? எங்க தாத்தா பேரு. மூத்தது பொண்ணாப் போயிட்டதால சவரியம்மாள்.”

“உங்கப்பாவுக்கு?”

“அவரோட தாத்தா பேரு. அருளப்பன்.”

“அப்போ உங்க தாத்தாவுக்கு யாரு பேரு வச்சிருப்பாங்க?”

சவரியம்மாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவர்கள் தெருவில் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேர்தான். சவரிமுத்து, அருளப்பன், மறுபடி சவரிமுத்து, மறுபடி அருளப்பன் என்று இரண்டே பேர்கள் மாறி மாறி வந்திருக்கின்றன. அப்பா குட்டிக் குட்டிச் சொன்னது, தொண்ணூற்றொன்பதில் பிறந்த சவரிமுத்துவை அல்ல. அவருக்கும் தாத்தாவான, அதே பேருடைய இன்னொரு சவரிமுத்துவை. அவள் தப்பான தாத்தனை இழுத்துக்கொண்டு போய் ஊர் நடுவில் நிறுத்தியிருக்கிறாள்.

“முப்பது வருஷமா என்னோட குடித்தனம் நடத்தறீங்க. இதை நேத்தே சொல்ல வேண்டியதுதானே?”

“நீ கேக்கல” என்றார் லூர்துராஜ்.

மறுவாரத்திலிருந்து அலைச்சல். கோயிலில் எழுபத்தைந்துக்கு முந்தின ஞானஸ்நான ரிஜிஸ்டரே இல்லை. அந்தக் காலத்தில் குழந்தைகளை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். நிலக் கணக்கிலாவது ஆளைப் பிடிக்கலாம் என்று ஆவண அறைக்குப் போனாள். எந்த ஊர் ஆவண அறை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? எல்லா ஊரிலும் அந்த ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார். பேனா மூடியால் காது குடைந்துகொண்டு, நம்மைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துப் பேசுகிறவர்.

“ஆன்லைன்ல பாத்தீங்களா?”

“ஆயிரத்தெண்ணூத்தி எழுபத்திநாலு சார்.”

“எல்லாம் ஏத்தியாச்சும்மா. ஆன்லைன்ல பாருங்க.”

“பாத்தேன். இல்ல.”

“அப்போ இல்ல.”

“இல்லாததுக்குத்தான் சார் இங்க வந்தேன். இருந்தா ஏன் வரப்போறேன்?”

“ரெண்டு பிரதில மனு குடுங்க.”

ஊருக்கெல்லாம் மனு அடித்த கை, முதல்முறையாகத் தனக்காக அடித்தது. நாலு தாள் கிழித்தாள். ஐந்தாவதில், ‘மேற்படி சவரிமுத்து என்பவர் இருந்தார் என்பதனை, அவர் இருந்தார் என்று தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று அடித்து, ‘பணிவுடன்’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தாள். மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் மின்விசிறிதான் சுற்றியது.

அவளுக்குக் கை கொடுத்தவர் ஃபாஜில். நாகூர்க்காரர், லைசென்ஸ் வாங்கிய சர்வேயர். வாரம் இரண்டு நாள் வரைபட நகல் எடுக்கக் கடைக்கு வருவார். பேசுவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவார், அதனால் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கடைசிவரை தெரியாது. அவள் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர், ஆடி மாதம் ஒரு நாள் கக்கத்தில் சுருளோடு வந்தார்.

“அக்கா, மொதல்ல டீ சொல்லுங்க. உங்க கோயிலப் புடிச்சிட்டேன்.”

கொத்தங்கரையின் பழைய கிராம வரைபடம், கோயில் இருக்கும் இடத்தின் அளவுப் படம், அந்தக் காலத்து நிலப் பதிவேட்டில் ஒரு பக்கம் என்று மூன்று நகல்கள். ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடி மேலேயே விரித்தார்.

“இந்த வயலெல்லாம் பாருங்க. வரப்பு எப்படி இருக்கு?”

“நேரா இருக்கு.”

“கோயில் எடம்?”

சவரியம்மாள் குனிந்தாள். சுற்றிலும் கட்டம் கட்டமாக வயல்கள். நடுவில் கோயில் இடம் மட்டும் வட்டமாக, ஓரம் கொஞ்சம் பிய்ந்து கிடந்தது. “வட்டமா இருக்கு பாய். மொத தோசை மாதிரி.”

“வயல எவனாச்சும் வட்டமா வெட்டுவானாக்கா?” ஃபாஜில் சிரித்துவிட்டு அளவுப் படத்தில் விரல் வைத்தார். “நேர் வரப்புன்னா இந்த முனையில ஒண்ணு, அந்த முனையில ஒண்ணு, ரெண்டு அளவு போதும். இங்க எண்ணுங்க. பதினேழு எடத்துல அளவு வச்சிருக்கான். அடிக்கு அடி வளையுது. இது வயலே இல்லக்கா. குட்டை.”

“குட்டையா?”

“நானாச் சொல்லல. பதிவேட்டுல பாருங்க. இந்த சர்வே வர்றதுக்கு முன்னாடி இருந்த பைமாஷ் கணக்குலயும் அதேதான். குட்டை, கிராமப் புறம்போக்கு. யாரு பட்டாவும் இல்ல. ஊர்ப் பொதுக் குட்டை.”

சவரியம்மாள் அந்தப் பக்கத்தை எழுத்தெண்ணிப் படித்தாள். பிறகு மெஷின் மேல் ஒரு அறை விழுந்தது. “அப்போ அந்த ஆறு பேரும் எதைக் குடுத்தாங்க? ஊர்க் குட்டைய எங்கூட்டு நெலம்னு குடுத்தாங்களா? கருங்கல்லுல வேற வெட்டறானுவளா? ஆறடியில!”

“அதான்.”

“அடப் பாவிகளா! நிலம் ஈந்தவர்களாம்! ஈந்தவர்கள்! நானே என் கையால அடிச்சுக் குடுத்தேனே பாய்!”

“ஆனா ஒண்ணுக்கா.” ஃபாஜில் இந்தத் தடவை சிரிக்கவில்லை. “புறம்போக்க யாரும் குடுக்க முடியாது. உங்க தாத்தாவும் சேத்துதான் சொல்றேன்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். டீ வந்து ஆடை கட்டியது. அப்படியானால் அப்பா வைத்த குட்டெல்லாம் பொய்க்கு வாங்கின குட்டா? ஜெரால்ட் சொன்னது சரிதானா? நாற்பது பேர் சிரித்ததும் சரிதானா?

“எங்கப்பன் சும்மா அளந்திருக்கானா பாய்?”

“அது எனக்குத் தெரியாது. ஆனா சர்வேயரா ஒண்ணு கேக்கறேன். குட்டையில கோயில் எப்படி நிக்கும்? யாரோ மண்ணக் கொட்டி மேடாக்கியிருக்கணும்ல? இது ஒரு வண்டி ரெண்டு வண்டி மண்ணு இல்ல. ஒரு ஊரே சேந்து கொட்டணும்.” டீயை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “பொறந்த கணக்கு கெடைக்கலேன்னா செத்த கணக்கப் பாருங்கக்கா. எங்க பள்ளிவாசல்ல இருக்கற மாதிரி உங்க சாமியார்கிட்டயும் அடக்க புக் இருக்குமே?”

இருந்தது. பிறந்தவர்களைத் தேடுகிற பரபரப்பில் செத்தவர்களை அவள் கேட்கவே இல்லை. கோயில் பின்அறைப் பீரோவில், சீரியல் லைட் பெட்டிகளுக்கு அடியில், கரையான் கரைபோட்ட தடி நோட்டு. முதல் வருஷமே 1872; ஞானஸ்நானத்துக்கு வேறு ஊர் போனவர்கள் அடக்கத்தை மட்டும் இங்கேயே செய்திருக்கிறார்கள். எல்லாம் லத்தீன். லியோ ஃபாதர் குருமடத்தில் படித்த லத்தீனைப் பத்து வருஷமாகத் தொடவில்லை. “பார்க்கலாம்மா” என்று ஆரம்பித்தவரை அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தி, “இப்பவே பாருங்க ஃபாதர்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை, காலைப் பூசை முடிந்த நேரம். ஃபாதரின் விரல் வரி வரியாக இறங்கியது. ‘சவரி’ என்று தெரிந்த இடத்தில் இரண்டு பேருமே நின்றார்கள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து அவர் தமிழில் சொன்னார்.

“1874, மே பத்தொன்பது. சவரிமுத்து. வயது சுமார் முப்பத்தாறு. கீழத்தெரு. வாய்க்காலில் தூர் எடுக்கையில் கரை சரிந்து மாண்டான். மகன் அருளப்பன், வயது ஆறு. புதுக் கோயிலுக்காகக் குட்டையை மேடாக்க, மூன்று கோடையாய் வாய்க்கால் தூர் மண்ணைக் கீழத்தெருவார் தலையில் சுமந்தனர். கூலி இல்லை. இவனை அந்த மேட்டிலேயே, தென்புறம் அடக்கினோம்.”

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். சித்திரை வைகாசியில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன், வீட்டுக்கு ஒரு ஆள் வாய்க்காலில் இறங்கித் தூர் வாரும் வழக்கம் அவளுக்குத் தெரியும். அவள் அப்பாவும் இறங்கியிருக்கிறார். வாரிய மண் கரையில்தான் விழும். அந்த மூன்று கோடை மட்டும் அது கரையில் விழாமல், கூடை கூடையாகக் குட்டைக்குப் போயிருக்கிறது. அவள் அழுவாள் என்று நினைத்து ஃபாதர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

“சுமாரா?” என்றாள் சவரியம்மாள்.

“என்னம்மா?”

“முப்பத்தாறு, சுமாரா? ஒரு மனுஷன் கோயிலுக்கு மண்ணெடுக்கப் போயி செத்திருக்கான். வயசக்கூட வீட்டுல போயி சரியா கேக்க முடியலியா அந்தச் சாமியாருக்கு? கூலி இல்லன்னு எழுத மட்டும் நல்லா தெரிஞ்சிருக்கு! அதென்ன ‘மாண்டான்’? ‘மாண்டார்’னு வாயில வராதா?”

“லத்தீன்ல அந்த வித்தியாசமே இல்லம்மா. நான்தான் சொல்றப்போ அப்படிச் சொல்லிட்டேன்.”

“அப்போ நீங்க திருத்திச் சொல்லுங்க.”

ஃபாதர் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பூசையில் வாசிப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, “கரை சரிந்து மாண்டார்” என்றார். “இவரை அந்த மேட்டிலேயே, தென்புறம் அடக்கினோம்.”

அப்புறம்தான் அவள் தண்ணீர் குடித்தாள்.

குட்டை வரைபடத்தையும் காட்டி, கல்லை நிறுத்துங்கள் என்று கேட்டாள். ஃபாதர், “பார்க்கலாம்மா, குழுவில் பேசணும்” என்றார். குழுவில் பேசினார். ஜெரால்ட் செருமி, ‘ஆக’ போட்டு, கல்லு வெட்டியாகிவிட்டது, செலவு ஆறு குடும்பத்துடையது, யாரோ வரைந்த வட்டத்துக்காகக் கோயில் சரித்திரத்தை மாற்ற முடியாது, குட்டை பக்கத்தில் இருந்திருக்கும் என்று முடித்துவிட்டார். கொடியேற்றத்துக்கு ஆறு நாள் இருந்தது.

சவரியம்மாள் அதற்கப்புறம் யாரிடமும் போய் நிற்கவில்லை. கூட்டம் கூட்டவில்லை, மனு அடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தாள். ஒரு தாளில் இடது பக்கம் வட்டக் குட்டை வரைபடம். வலது பக்கம் கரையான் அரித்த லத்தீன் பக்கம், அதன் கீழே லியோ ஃபாதர் சொன்ன தமிழ். ‘மாண்டார்’ என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் அடித்தாள். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடியில் ஒரே ஒரு கேள்வி: ‘குட்டையைக் கொடுத்தது யார்? மேட்டைக் கொடுத்தது யார்?’

முன்னூற்று நாற்பது நகல். மெஷின் பதினோரு தடவை தாளைக் கடித்தது. பதினோரு தடவையும் அறை வாங்கியது. லூர்துராஜ் குறுவை அறுப்புக்கு லீவு சொல்லிவிட்டு, பைக் டேங்க் மேல் நகல் கட்டுகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கீழத்தெரு, மேலத்தெரு, நடுவில் இருக்கும் சைவ வீடுகள், ஒன்றையும் விடவில்லை. யாராவது என்ன இது என்று கேட்டால், “படிங்க” என்றார். அவர் வாயில் ‘சரி’ தவிர வேறு வார்த்தை கேட்டுத் தெரு முழுக்க வாசலுக்கு வந்தது.

அன்று சாயங்காலமே சூடு பிடித்தது. மேலத்தெருவில் ஒரு வீட்டில் மருமகள் மாமனாரைக் கேட்டாளாம்: “மாமா, நம்ம வயலெல்லாம் சதுரமாத்தானே இருக்கு?” இன்னொரு வீட்டில் கல்லூரிப் பெண் கோயில் வாசலில் போய் நின்று, ஃபோனில் மேப்பைத் திறந்து, மேலேயிருந்து பார்த்தாலும் கோயில் வளாகம் வட்டமாகவே இருப்பதைக் காட்டினாளாம். கீழத்தெருவில், கூட்டத்தன்று பின்வரிசையில் குலுங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து, “அக்கா, எங்க தாத்தா பேரும் அந்த நோட்டுல இருக்குமா?” என்று கேட்டார்கள். “அன்னிக்கு சிரிச்சீல்ல? போயி வரிசையில நில்லு” என்றாள் சவரியம்மாள்.

ஆகஸ்டு முப்பது. கொடி ஏறியது, வெடி வெடித்தது. கோயில் முகப்பில் கல்லுக்காகத் தோண்டிய குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மழைத் தண்ணீர் தேங்கி அதிலும் ஒரு குட்டி வட்டம். லியோ ஃபாதர், தன் வாழ்நாளில் முதல்முறையாகப் ‘பார்க்கலாம்’ சொல்லாமல், “கல்லு இப்ப வேண்டாம்” என்றிருந்தார். ஆறடிக் கருங்கல் பின்அறையில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை ஜெரால்ட் கடைக்கு வந்தார். வெளியே வெயில். உள்ளே வந்தும் உட்காரவில்லை. செருமினார், ஆனால் ‘ஆக’ வரவில்லை.

“எத்தனை காப்பி போட்டீங்க?” என்றார்.

சவரியம்மாள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். ‘போட்டீங்க’. இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவளுக்கு ஒரு ‘ங்க’ வந்தது அன்றைக்குத்தான்.

“முன்னூத்தி நாப்பது. பத்தலன்னா சொல்லுங்க.”

“தெருவுல தலை காட்ட முடியலக்கா. எம் பொண்ணே என்னை ஒரு மாதிரி பாக்குது.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “பேசி முடிச்சிக்குவோம். குழுவுல பேசிட்டேன். கல்லு வெட்டுனது வெட்டுனதாவே இருக்கட்டும். அடியில ‘மற்றும் பலர்’னு இருக்குல்ல, அதைச் செதுக்கி எடுத்துட்டு, அந்த எடத்துல உங்க தாத்தா பேரப் போட்டுடலாம். கல்வெட்டுக்காரன்கிட்ட கேட்டேன். எடம் இருக்குதாம். ஏழாவது பேரு. உங்களுக்கு வேண்டியதும் அதானே? பேரு வந்துட்டா சரிதானே? நீங்களும் இந்தக் காயிதத்தை விடறதை நிறுத்திக்கலாம்.”

வாசலில் பட்டா நகலுக்கு நின்றவர்கள், டீக்கடைக்காரர், பத்திர எழுத்தர், அளவுப் படத்தோடு வந்த ஃபாஜில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு என்றால் அந்த ஏழாவது இடத்துக்காகச் சவரியம்மாள் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள். இப்போது கண்ணாடியைக் கழற்றினாள், முந்தானையில் துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். எழுந்து நின்றாள். அந்தக் கடையில் இரண்டு பேர் நிற்க இடம் கிடையாது. ஜெரால்ட் ஒரு படி கீழே இறங்க வேண்டியதாயிற்று.

“ஜெரால்ட் தம்பி, எங்க தாத்தனுக்கு உங்க கல்லுல எடம் வேண்டாம். பொய்யிக்குக் கீழ ஏழாவதா நிக்கறதுக்கு அந்த மனுஷன் மூணு கோடை மண்ணு சொமக்கல. அவருக்கு எடம் ஏற்கெனவே இருக்கு. கோயில்ல தென்புறம் மொத வரிசையில உங்க குடும்பம் குந்துதே, அதுக்கு நேர் கீழ. நூத்தம்பது வருஷமா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அவரு மேலதான் முழங்கால் போடறீங்க. போடுங்க, நல்லா போடுங்க, அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா முழங்கால் போட்டுக்கிட்டு ‘எங்க நெலம், நாங்க குடுத்தோம்’னு மட்டும் சொல்லாதீங்க. தூங்கற மனுஷன் கண்ண முழிச்சி, ‘யாருய்யா அது, காயிதம் எங்க?’ன்னு கேட்டா, காட்ட உங்ககிட்ட ஒரு துண்டு கெடையாது. எங்கிட்ட இருக்கு. காப்பி ஒண்ணு ரெண்டு ரூவா, வரிசையில வாங்க.”